பீச்சே முட்

பீச்சே முட் என்றால்
பின்னால் திரும்பு.
எங்கள் காதில் அது
பீச்சுக்குத் திரும்பு என்றே விழுந்தது.
திரும்பினால் இருந்ததும் கடல்தான்,
ராயபுரம் தண்டவாளத்துக்கு அப்பால்
ஈய நிறத்தில் ஒரு கீற்று.

காலை ஐந்தே முக்கால்.
ஒன்பதாம் நம்பர் காலை
ஏழாம் நம்பர் பூட்சுக்குள் திணித்தபடி தேசப்பன்.
அணிவகுப்பு முடிந்தால் டோக்கனுக்கு
இரண்டு பூரி, கிழங்கு.
அரிசிக்கடை வரிசையில் அம்மா நிற்கிற மாதத்தில்
எங்கள் தேசபக்தி பாதி
அந்தப் பூரியில்தான் உப்பியது.
மீதி எங்கிருந்ததென்று சொல்லத் தெரியவில்லை.
இருந்தது.

நிஜத் துப்பாக்கிகள் வடக்கே போய்விட்டன.
எங்களுக்கு வந்தவை மரத்தில் இழைத்தவை,
வால்டாக்ஸ் ரோடு மரக்கடை வாசத்தோடு.
குறி பார்த்து வாயால் சுட வேண்டும்.
முனிரத்தினத்துக்கு மட்டும் தோளில் பொருந்தாது.
ஜனவரியில், மின்ட் முனையில், விழுந்த தடி
காறை எலும்பைக் கோணலாய்க் கூட வைத்திருந்தது.
கட்டை உட்கார வேண்டியதும் அதே இடம்.
தோளை நிமிர்த்து என்பார் ஹவில்தார்.
நிமிர்த்துவான். சரியும்.
அன்னிக்கு அடிச்சதும் காக்கிதானேடா என்றால்
குனிந்து தன் சட்டையைப் பார்த்துச் சொல்வான்:
இது வேற சலவை.

ரசாயன ஆய்வகத்தின் வெளிச்சுவரில்
ஜனவரியின் தார் எழுத்துகள்.
மூன்று முறை சுண்ணாம்பு பூசினார்கள்.
முதல் சொல் செத்தது. இரண்டாவது
ஒவ்வொரு மழைக்கும் எழுந்து நின்றது:
ஒழிக.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்
ஹவில்தார் ரோஷன் சந்த், காங்கடா மலைக்காரர்,
டீ டம்ளரை ஊதிக்கொண்டே.
யாரும் மூச்சு விடவில்லை.
நமஸ்தே, சாப், என்றான் தேசப்பன்.
தமிழில் நமஸ்தே.

ஒளிக், என்று சொல்லிப் பார்த்தார்.
அவர் மலையில் ழ விளைவதில்லை.
மறுநாள் முதல்
வாட்ச்மேனுக்கு ஒளிக், கேன்டீன் பையனுக்கு ஒளிக்,
காரிலிருந்து இறங்கிய பிரின்சிபாலுக்கு
குதிகால் தட்டி, கைகூப்பி, ஒளிக் சாப்.
சிரிப்பை அடக்க
விறைத்து நிற்பதைத் தவிர வழியில்லை.
அந்த மாதம்தான்
எங்கள் சாவ்தான் சாவ்தானாக இருந்தது.

இரவானால் துறைமுகம் கண்ணை மூடிக்கொள்ளும்.
சைக்கிள் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு.
போர்வைக்குள் சிம்னி ஏற்றி
பென்சீன் வளையம் படித்ததில்
என் புருவம் கருகியது.
இருட்டு மீனுக்கு வசதி என்று
காசிமேட்டில் கட்டுமரம் தள்ளப் போனார்
முனிரத்தினத்தின் அப்பா.
கரைக்கு வந்ததும் எந்த ஊர் விழுந்தது என்று கேட்பார்.
ரேடியோ சொன்ன பெயர்களை
நாங்கள் ஆளுக்கொரு விதமாய்ச் சொல்வோம்.

பிறகொரு நாள் தந்தி வந்தது.
ஹவில்தாருக்கும் யாரோ
பீச்சே முட் சொல்லிவிட்டார்கள்.

பேசின் பிரிட்ஜ் மேடையில் நாங்கள் மூவர்,
டோக்கன் விற்ற காசில் ஆறு வாழைப்பழம்.
வடக்கே போகும் வண்டி அங்கே நிற்காது,
கொஞ்சம் தயங்கும்.
சொல்லிவிடுவது என்றிருந்தேன்.
இந்தியிலேயே வாக்கியம் கட்டி வைத்திருந்தேன்,
நானே கொளுத்திய பாடப்புத்தகத்தில்
எரியாமல் மிஞ்சிய இலக்கணத்தில்:
ஐயா, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்லை.

மூன்றாம் வகுப்பு ஜன்னலில் முதலில் தொப்பி,
பிறகு முகம், பிறகு கை.
ஒளிக்! என்று கத்தினார்
எங்களுக்கும் மேடைக்கும்
பவர் ஹவுஸ் புகைபோக்கிகளுக்கும் சேர்த்து.
முனிரத்தினம் வலக்கையை
உயர்ந்த மட்டும் உயர்த்தினான்.
பதில் சொன்னவன் தேசப்பன்தான்.
அதே சொல்லை, ழகரம் பிசகாமல்,
கடைசிப் பெட்டி தாண்டும் வரை.

பழம் கையிலேயே இருந்தது.
பதினோரு மணிக்கு உப்புப் பகுப்பாய்வுத் தேர்வு.
எனக்குக் கொடுத்த உப்பு வெள்ளையாக இருந்தது,
தண்ணீரில் கரைந்தது.
அதற்கு மேல் அதைப் பற்றி
என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை.